ஜைசல்மேர் பாலைவன ஒருநாள் டூர்: வேலூரிலிருந்து போகிறவர்கள் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

ராஜஸ்தானில் தார் பாலைவனத்தில் இருக்கும் ஜைசல்மேருக்குப் போய் வந்ததிலிருந்து, அந்தப் பாலைவன டூர் காசுக்குத் தகுமா என்று சத்துவாச்சாரி முதல் குடியாத்தம் வரை எல்லாச் சொந்தக்காரர்களும் கேட்டாகிவிட்டது. எல்லாருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, விவரமாகவே எழுதிவிடுகிறேன். தகும், தாராளமாகத் தகும். ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் படம் போட்டிருக்கும் ஜீப் சவாரிக்காக இல்லை. உங்களோடு வருகிற வழிகாட்டி அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்து, நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி "இறங்கிப் பாருங்க" என்று சொல்கிறவராகவும் இருந்தால் அந்த ஒரு நாள் வாழ்நாளுக்கும் மறக்காது, அப்படி ஒருவர் அமையாவிட்டால் மணலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

நாங்கள் போனது ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர், அப்புறம் பெரியப்பா. பெரியப்பா கம்மவான்பேட்டைக்காரர், அந்த ஊரை எங்கள் பக்கம் ராணுவப்பேட்டை என்றே சொல்வோம். அவரும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்தான், இளம் வயதில் ஜைசல்மேர் பக்கம் வேலை பார்த்திருக்கிறார், அந்த ஊரை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். காட்பாடியில் ரயிலேறி சென்னை, அங்கிருந்து விமானத்தில் ஜெய்ப்பூர், ஜெய்ப்பூரிலிருந்து இரவு ரயிலில் ஜைசல்மேர். டூருக்கு ஒருவருக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் வாங்கினார்கள், பிள்ளைகளுக்கு அதில் பாதி. வண்டி, வழிகாட்டி, மதியச் சாப்பாடு, ஜீப், ஒட்டகம், ராத்திரி பாட்டோடு சாப்பாடு எல்லாம் அதிலேயே அடங்கும். நுழைவுச் சீட்டு மட்டும் தனி.

போனது டிசம்பர் கடைசி. வேலூர் வெயிலில் வெந்தவர்களுக்குப் பாலைவனம் ஒரு பொருட்டா என்று நினைத்துக்கொண்டு யாரும் மெல்லிய சட்டையோடு கிளம்ப வேண்டாம். காலை எட்டரைக்கு வண்டி வந்தபோது பிள்ளைகளின் பற்கள் கிட்டித்துப்போகிற குளிர். காற்றில் ஈரம் இல்லை, மேகமும் இல்லை, பகலில் வாங்கிய சூட்டை மணல் ராத்திரியில் அப்படியே விட்டுவிடுகிறது. அங்கே டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் எட்டு டிகிரிக்கும் கீழே இறங்குவது சாதாரணம். மதியம் பன்னிரண்டுக்கு ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டோம், ஆறு மணிக்கு மறுபடி போட்டுக்கொண்டோம்.

முதலில் படா பாக். அரச குடும்பத்தாருக்குக் கட்டிய நினைவு மண்டபங்கள், மஞ்சள் கல், பின்னால் வரிசையாகக் காற்றாலைகள். அழகான இடம், அரை மணி நேரம் போதும்.

அடுத்து குல்தாரா. ஜைசல்மேர் ஊரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் விட்டுப் போய்விட்ட கிராமம், இன்றைக்கு நானூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளின் கற்சுவர்கள் மட்டும் வரிசை வரிசையாக நிற்கின்றன. எல்லா டூர்க்காரர்களும் இங்கே பேய்க்கதைதான் சொல்கிறார்கள். திவான் சாலிம் சிங் ஒரு பெண்ணைக் கேட்டு மிரட்டினான், ஒரே ராத்திரியில் 84 கிராமமும் காலியானது, சாபம் விட்டுப் போனார்கள் என்று. எங்கள் வழிகாட்டியும் அந்தக் கதையைச் சொன்னார், ஆனால் அதோடு விடவில்லை. பக்கத்தில் காய்ந்து கிடக்கும் காக்னி ஆற்றைக் காட்டி, "தண்ணி போச்சு, வரி ஏறிச்சு, ஜனங்க கொஞ்சம் கொஞ்சமா போனாங்கன்னு எங்க தாத்தா சொல்வார்" என்றார். தண்ணீர் வற்றியதையும் பூகம்பத்தையும் காரணமாகச் சொல்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். வழிகாட்டியின் இந்தியைப் பெரியப்பா வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் இல்லையென்றால் எங்களுக்குப் பாதி விஷயம் போயிருக்கும், அதனால் இந்தி தெரிந்தவர் கூட்டத்தில் ஒருவராவது இல்லாவிட்டால் ஆங்கிலம் பேசும் வழிகாட்டி வேண்டும் என்று முன்பணம் கட்டும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த டூரில் எனக்கு மிகவும் பிடித்தது விளம்பரத்திலேயே இல்லாத ஒன்று. குல்தாராவை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் வழிகாட்டி வண்டியை ஓரம்கட்டச் சொன்னார். இறங்கிப் பார்த்தால் எதிரே பச்சைப் பசேலென்று கடுகும் கொண்டைக்கடலையும். சுற்றிலும் மொட்டைக் கல்லும் புதரும், நடுவில் வயல். கிணறும் இல்லை, மோட்டாரும் இல்லை. இதற்குக் கடீன் என்று பெயர், பாலிவால்கள் ஏற்படுத்திவிட்டுப் போன முறை. பாறைச் சரிவிலிருந்து மழைத்தண்ணீர் வழிந்து வருகிற பள்ளத்தின் கீழ்ப்பக்கமாக நீளமாக ஒரு மண்கரை போட்டுவிடுகிறார்கள். ஆடி, ஆவணியில் பெய்கிற கொஞ்ச மழை ஓடி வந்து அந்தக் கரைக்கு முன்னால் தேங்கும். அதை எங்கேயும் திறந்துவிடுவதில்லை, அங்கேயே மண்ணுக்குள் இறங்க விடுகிறார்கள். மிஞ்சிய தண்ணீர் வழிந்து போக, அதாவது கோடி போக, கரையில் ஓர் இடம் தாழ்த்தி விட்டிருக்கிறார்கள். ஐப்பசி வாக்கில் தண்ணீர் சுண்டியதும் அந்த ஈரத்தை நம்பியே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள், அறுப்பு வரை வேறு பாசனம் கிடையாது. ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழையே பெரிது என்கிற ஊரில் இது நடக்கிறது. நமக்கு அதைப்போல நாலு மடங்குக்கு மேல் பெய்கிறது.

என் வீட்டுக்காரர் காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்து வளர்ந்தவர். கரைமேல் ஏறி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். நம்மூர் ஏரி கரைக்கு வெளியே இருக்கும் ஆயக்கட்டுக்கு மதகு வழியாகத் தண்ணீர் கொடுக்கும், இங்கே ஏரிக்குள்ளேயே பயிர் வைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம், கரையும் கோடியும் இரண்டிலும் ஒரே மாதிரிதான் என்று பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "கரை உடைஞ்சா யார் கட்டுவாங்கன்னு கேளுங்க மாமா" என்றார். பெரியப்பா கேட்டார். உள்ளே உழுகிறவர்கள் எல்லாரும் மழைக்கு முன்னால் சேர்ந்து மண் போடுவார்கள் என்று பதில் வந்தது. குடிமராமத்து என்று நாம் சொல்கிறோமே, அதுதான். அரை மணி நேரம் அங்கேயே நின்றோம், வழிகாட்டி ஒருமுறைகூடக் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அவருக்கு முழு மதிப்பெண்.

வழியெல்லாம் மரம் செடிகளைக் காட்டிக்கொண்டே வந்தார். கேஜ்ரி என்று அவர் காட்டியது நம் வன்னி மரம், நம்மூர்க் கோயில்களில் சுற்றி வந்து கும்பிடுகிற அதே மரம்தான். ராஜஸ்தானில் அது மாநில மரம். தழையை வெட்டி ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுகிறார்கள், காயைப் பறித்துக் காயவைத்துக் கறி சமைக்கிறார்கள், வயலுக்கு நடுவில் நின்றாலும் யாரும் வெட்டுவதில்லை. எருக்கும் சீமைக் கருவேலமும் பாலாற்றில் பார்க்கிற மாதிரியே இங்கேயும் நிற்கின்றன. சேவன் புல் என்று திட்டுத் திட்டாக வளரும் ஒரு புல்லைக் காட்டினார், மணலைப் பிடித்து நிறுத்துவது அதன் வேர்தான், மாடுகளுக்கும் அதுதான் தீனி, கானமயில் முட்டையிடுவதும் அந்தப் புல்வெளியில்தான். கானமயில் ராஜஸ்தானின் மாநிலப் பறவை. 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த பாலைவனத் தேசியப் பூங்கா இந்தப் பக்கம்தான் இருக்கிறது, அப்படியிருந்தும் உலகத்தில் மிச்சமிருக்கும் கானமயில்கள் இருநூறுக்கும் குறைவு. கனத்த பறவை, நேர் எதிரே இருப்பது அதன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, மின்கம்பியில் மோதிச் செத்துப்போகிறது. 2021-ல் உச்ச நீதிமன்றம் கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோகச் சொன்னது, 2024-ல் அந்த உத்தரவை மாற்றியது. காற்றாலைக் கம்பிகளுக்குக் கீழே நின்றுகொண்டு இதைக் கேட்டபோது மனசு கனத்துப்போனது. கானமயில் எங்கள் கண்ணில் படவில்லை, சிங்காரா மான் இரண்டு தூரத்தில் ஓடின.

மதியச் சாப்பாடு வழிகாட்டியின் கிராமத்தில் ஒரு வீட்டில். மண்ணும் சாணமும் மெழுகிய முற்றம், அவ்வளவு சுத்தம். கம்பு ரொட்டியை அந்த வீட்டம்மா உள்ளங்கைகளுக்கு நடுவிலேயே தட்டித் தட்டி விரித்தார்கள், கட்டையும் இல்லை, பலகையும் இல்லை. தோசைக்கல்லில் போட்டு, பிறகு நேராகத் தணலில் சாய்த்து வைத்து, கருகல் புள்ளி விழுந்ததும் எடுத்து, ரொட்டியை விரலால் அங்கங்கே குத்திப் பள்ளம் பண்ணி, அந்தப் பள்ளத்தில் நெய்யை ஊற்றினார்கள். கூடவே கேர் சாங்கிரி. சாங்கிரி என்பது அந்த வன்னிக்காய் வற்றல், கேர் என்பது புதரில் காய்க்கும் சின்னக் காய், இரண்டையும் ஊறவைத்து மிளகாய், மாங்காய்ப்பொடி போட்டு எண்ணெயில் வதக்குகிறார்கள். புளிப்பும் துவர்ப்புமாக, பழைய சோற்றுக்கு வைத்துக்கொண்டால் ஒரு பானை உள்ளே போகும். மோர் கேட்கக் கேட்க வந்தது. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்கு வாங்குகிற அதே கம்பு இப்படியும் ஆகுமா என்று எனக்கு ஆச்சரியம், செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பெரியவன் நாலு ரொட்டி சாப்பிட்டான், வீட்டில் கம்பு என்றாலே ஓடுகிறவன். குறை என்று பார்த்தால் நேரம்தான், சாப்பாடு இரண்டரைக்குத்தான் வந்தது, அதுவரை பிள்ளைகள் பிஸ்கட்டில் ஓட்டினார்கள்.

இனி ஜீப். சாம் மணல்மேடுகள் ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நாங்கள் போய்ச் சேர்ந்த நாலு மணிக்கு அங்கே திருவிழாக் கூட்டம். நூறு ஜீப் இருக்கும், பாதி வண்டியில் ஸ்பீக்கர் அலறுகிறது. மணலில் புதையாமல் இருக்க டயர்க் காற்றைக் குறைத்துக்கொள்கிறார்கள், டயர் பரந்து உட்கார்ந்து எடையைப் பிரித்துக்கொடுக்கும், அதுவரை சரி. ஆனால் பின்னால் திறந்த வண்டி, பெல்ட் கிடையாது, ஒரு இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்கிறார்கள், அப்படியே மேட்டின் உச்சிக்கு ஏற்றி மறுபக்கம் செங்குத்தாக இறக்குகிறார்கள். இரண்டாவது மேட்டில் சின்னவள் கம்பியில் மோதி உதடு வெட்டிக்கொண்டாள். டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பெரியப்பா இந்தியில் போட்ட ஒரு சத்தத்தில் வண்டி நின்றது, அதற்குப் பிறகு மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினான். பிள்ளைகளோடு போகிறவர்கள் இந்த ஜீப்பை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி, அதற்கான பணத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் வழிகாட்டியே அந்த ஜீப் தங்கள் வண்டி இல்லை, வெளியாளிடம் விட்டிருக்கிறோம் என்று வருத்தப்பட்டார். வெளியாள் என்றாலும் பணம் வாங்கியவர்கள் இவர்கள்தான், பெல்ட் இல்லாத வண்டியில் குழந்தையை ஏற்றக் கூடாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இன்னொன்று, அந்தச் சக்கரங்கள் ஏறி இறங்கிய மேடுகளில் ஒரு புல்கூட மிச்சமில்லை, மணலில் நெகிழித் தட்டும் பாட்டிலும் கிடந்தன. காலையில் சேவன் புல்லைப் பற்றி அவ்வளவு கேட்டுவிட்டு அதைப் பார்க்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஒட்டகத்துக்கு வழிகாட்டி எங்களைக் கூட்டத்திலிருந்து தள்ளி இன்னொரு மேட்டுக்கு அழைத்துப் போனார், அங்கே எங்களைத் தவிர ஒரு குடும்பம் மட்டும்தான். ஏறுவதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும், நாம் முன்னால் குப்புறச் சாய்வோம். உட்காரும்போது முன்னங்காலை மடக்கும், அப்போதும் முன்னால்தான் சாய்வோம். ஆக இரண்டு தடவையும் முதுகைப் பின்னுக்கு வாங்கிக்கொண்டு, சேணத்தின் முன்கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் குளம்பு கிடையாது, இரண்டு விரலும் அடியில் அகலமான மெத்தென்ற பாதமும்தான். கால் வைக்கும்போது அந்தப் பாதம் விரிவதை இறங்கி நடந்தபோது பக்கத்திலிருந்து பார்த்தோம், மனிதன் கால் கணுக்கால்வரை புதைகிற மணலில் அது லேசாகத்தான் பதிகிறது. மடங்கி உட்காரும் இடங்களில், நெஞ்சிலும் முழங்காலிலும், தோல் காய்த்துக் கறுத்திருக்கும். எங்களுக்கு வந்த ஒட்டகங்களின் மூக்கு, சேணம் உராயும் இடம் எல்லாம் நான் நின்று பார்த்தேன், புண் இல்லை. சாமின் முகப்பில் நின்றவற்றில் ஒன்றிரண்டுக்கு மூக்கில் சீழ் இருந்தது, அப்படிப்பட்ட ஒட்டகத்தில் தயவுசெய்து ஏறாதீர்கள்.

ஒட்டகக்காரர் வயதானவர், பெரியப்பா வயது இருக்கும். இரண்டு பேரும் நடந்துகொண்டே பழைய கதை பேசினார்கள். முன்பு தன் வீட்டில் நிறைய ஒட்டகம் இருந்தது, இப்போது இவ்வளவுதான் என்றாராம். கணக்கும் அதைத்தான் சொல்கிறது, 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ராஜஸ்தானில் 3.26 லட்சம் ஒட்டகம், 2019-ல் 2.13 லட்சம். டிராக்டரும் சாலையும் வந்துவிட்டன, மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. 2014-ல் அதை மாநில விலங்காக அறிவித்தார்கள், அடுத்த ஆண்டே வெட்டவும், அனுமதியில்லாமல் வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோகவும் தடை போட்டார்கள். காக்கத்தான் சட்டம் போட்டார்கள், ஆனால் விற்க முடியாததை எதற்கு வளர்ப்பது என்று பலர் விட்டுவிட்டார்கள் என்று அவர் சொன்னார். ஒட்டகத்தால் அவருக்கு இப்போது வருமானம் சவாரி ஒன்றில்தான். டூர்ப் பணத்தில் அவர் கைக்குப் போவது குறைவு, அதனால் இறங்கும்போது அவர் கையிலேயே தனியாகக் கொடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒட்டக வண்டி இருக்கிறது, பெரியப்பா அதில்தான் வந்தார்.

ராத்திரி கூடாரத்தில் மாங்கணியார் பாட்டு. பரம்பரையாகப் பாடுகிற முஸ்லிம் குடும்பங்கள், இந்து வீடுகளின் கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பாடுவது இவர்கள்தான். ஆட்டுத்தோல் போர்த்திய கமாய்ச்சாவை ஒரு பெரியவர் வில்லால் இழுக்க, ஒரு பையன் இரண்டு கையிலும் தட்டையான மரத்துண்டுகளை வைத்துக்கொண்டு கர்த்தால் தட்டினான், விரல் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. நடுவில் ஒருவர் மோர்சிங் வாசித்தார், நம் கச்சேரியில் கேட்கிற அதே நாதம், பெரியப்பா தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். முக்கால் மணி நேரம் அருமை. அதோடு விட்டிருக்கலாம். பாட்டுக்காரர்கள் இன்னும் எழுந்துகூடப் போகவில்லை, பின்னாலிருந்து ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டைப் போட்டு எல்லாரையும் ஆடக் கூப்பிட்டார்கள். அவ்வளவு பெரிய கலைஞர்களை அப்படி அவமதிக்கக் கூடாது. சாப்பாடும் இங்கே சுமார், தால் பாட்டி என்கிற பருப்பும் சுட்ட கோதுமை உருண்டையும் ஆறிப்போய் இருந்தன. ஒன்பதரைக்கு ஹோட்டலில் இறக்கிவிட்டார்கள்.

பெண்கள் கவனத்துக்கு: காலையில் ஹோட்டலை விட்டால் மதியம் அந்தக் கிராமத்து வீடு வரை நல்ல கழிப்பறை கிடையாது, குல்தாராவில் இருந்ததைச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர், காதை மூடும் குல்லாய், மூக்குக்குத் துணி கட்டாயம். மணல் மாவு போல நைசு, பாலாற்று மணலை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் ஜீப் ஓடும் பக்கமே போக வேண்டாம். வரும் வழியில் ஒரு துணிக்கடையில் நிறுத்துவார்கள், வேண்டாம் என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள், எங்கள் வழிகாட்டி மறுபேச்சில்லாமல் கிளம்பினார்.

ஆம்பூரில் என் தோழி, துபாய் சஃபாரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள், அவள் தம்பி அங்கே வேலையில் இருப்பதால் போய் வந்திருக்கிறாள். துபாயில் வண்டியும் சாலைகளும் நன்றாக இருக்கும், பெல்ட் இருக்கும், சாப்பாடு வகைவகையாக இருக்கும். தார் பாலைவனம் அப்படி இல்லை. உலகத்திலேயே மக்கள் நெருக்கமாக வாழ்கிற பாலைவனம் இது, உழவு நடக்கிறது, ஆடு மேய்கிறது, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். மழைக்கு ஏங்குகிற ஊரிலிருந்து போகிற நமக்கு அதில் பார்க்கவும் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. சாமின் கூச்சல் வேண்டாம் என்கிறவர்கள் தென்மேற்கே குரி கிராமத்துப் பக்கம் கேட்டுப் பாருங்கள், அங்கே கூட்டம் குறைவு.

பெரும்பாலும் பிப்ரவரியில் பௌர்ணமியை ஒட்டிப் பாலைவனத் திருவிழா நடக்கும், அப்போது அறைகள் கிடைப்பது கஷ்டம். அப்போது போகிறவர்களும் பொங்கல் விடுமுறையில் போகிறவர்களும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். மதியம் மூன்று மணிக்குக் கிளம்புகிற அரைநாள் டூரும் விற்கிறார்கள், விலை பாதிதான். அதில் ஜீப்பும் ஒட்டகமும் கூடாரமும் மட்டும்தான் உண்டு, கடீனும் கிடையாது, கம்பு ரொட்டியும் கிடையாது. முழுநாள் டூரையே எடுங்கள்.